மன்றத்துப் புல்தரையில் மாட்டுக்கிடை

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நான் வேலையை விட்டு ஓய்வெடுக்கிறேன் என்பது உங்களுக்கு நினைவிருப்பதாகவே தெரியவில்லை. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் என் வாசலில் வந்து நின்று, "மண்டோர் அண்ணே, புல்லு காஞ்சி போச்சு, என்னா உரம் போடலாம்?" என்று கேட்கிறீர்கள். ஏன் காய்ந்தது என்று திருப்பிக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறீர்கள். உரத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த நிமிடம் ஓடிவிடுவீர்கள் என்பதால்தான் நான் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு புல்தரையின் கதையை எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் துறைமுகத்துக்குப் போகலாம், அங்கே மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களாம்.

பினாங்குக் கடற்கரையோரம் வெள்ளைக்காரர்கள் கூடும் மன்றம் ஒன்றில் நான் மண்டோராக, அதாவது தோட்ட ஆட்களுக்குத் தலைவனாக இருந்தபோது நடந்தது இது. மன்றத்தின் பெயர் வேண்டாம். குதிரை வண்டிகள் குறைந்து மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். மன்றத்தின் தாழ்வாரத்துக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய புல்தரை. மாலையில் அங்கே பேண்டு வாசிப்பார்கள். துரைமார்களும் துரைசானிகளும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உலாவுவார்கள். அந்த வருடம் தை பிறந்ததும் புல் பழுப்பேறத் தொடங்கியது. வெயில் காலத்தில் வழக்கம்தானே, மழை விழுந்தால் தெளிந்துவிடும் என்று நாங்களும் சும்மா இருந்தோம். மாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. புல் தெளியவில்லை. நட்டநடுவில் சட்டியை வழித்துவிட்ட மாதிரி மொட்டையாகிவிட்டது.

அப்போது மன்றத்தின் கூரையைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர்கள் வருவது குறைவு. புரட்டாசியில் வேலை முடிந்து விழா எடுத்துத் திறப்பதாக ஏற்பாடு. செயலாளர் துரை என்னைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினார். அவர் கடைவீதிப் பேச்சான பாசார் மலாய் நன்றாகப் பேசுவார், நானும் அவரைத் 'துவான்', அதாவது ஐயா என்று கூப்பிட்டு அதில்தான் பதில் சொல்வேன்.

"திறப்பு விழாவுக்குள் இது பச்சையாக வேண்டும். இல்லாவிட்டால் மொத்தத்தையும் சிமெண்டு போட்டு டென்னிஸ் ஆடும் இடமாக்கிவிடப் போகிறோம். கூரை வேலை செய்பவனிடம் பேசிவிட்டேன்" என்றார்.

எங்கள் வேலைக்கு ஆபத்தில்லை. பூச்செடிகளும் வேலியும் தொட்டிகளும் ஏராளம். ஆபத்து வந்தது அஞ்சலைக்குத்தான்.

அஞ்சலை டத்தோ கிராமட் பக்கம் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு, அவன் விட்டுப்போன மாடுகளை வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிள்ளைகளை வளர்த்தவள். மன்றத்தில் ஒரு விதி உண்டு. வெட்டின புல் ஒரு துணுக்குக்கூடத் தரையில் கிடக்கக்கூடாது, வெள்ளைச் சப்பாத்தில் கறை படியும். அதனால் அஞ்சலை அரிவாளோடு வருவாள், வரிசையாக அறுத்துக்கொண்டே போவாள், கட்டுக் கட்டித் தூக்கிப் போய்விடுவாள். மன்றத்துக்குத் தரை சுத்தம், அவள் மாடுகளுக்குத் தீனி. எனக்கு முன்பிருந்த மண்டோர் காலத்திலிருந்தே நடக்கும் ஏற்பாடு. அந்தப் புல் நின்றுபோனால் அவள் மாடுகளும் நிற்கமுடியாது. டவுனுக்குள் அவ்வளவு புல் சும்மா கிடைக்கிற இடம் வேறு இல்லை.

நான் முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் தரையில் இறங்காமல் தாழ்வாரப் படிவரை வழிந்து ஓடியது. கடப்பாரையை எடுத்துக் குத்தினேன். விரல் ஆழம் போய் 'ணங்' என்று நின்றது. வாராவாரம் இரும்பு உருளையை இழுத்து இழுத்துத் தாம்பாளம் மாதிரி ஆக்கி வைத்திருந்தோம் அல்லவா, அந்த அழகின் பலன் அது. மேலே ஒட்டிக்கொண்டிருந்த மண்ணைக் கிள்ளிப் பார்த்தால் சாம்பல் நிறம். ஒரு புழு பூச்சி கிடையாது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னாண்ணே, தரைக்குப் பல்லு குத்தி வுடுறீங்களா?"

அஞ்சலைதான். அன்றைக்கு அவளுக்கு ஒரு கட்டுப் புல்கூடத் தேறவில்லை. பேச்சோடு பேச்சாக அவளுடன் அவள் கொட்டகைக்கே நடந்தேன். கொட்டகைக்குப் பின்னால், மாட்டு மூத்திரமும் சாணித் தண்ணீரும் வடிகிற இடத்தில், புல் முழங்கால் உயரம் கருகருவென்று நின்றது. அதை ஏன் அறுக்கவில்லை என்று கேட்டேன்.

"தன் சாணி வுழுந்த எடத்துப் புல்லை மாடு திங்காதுண்ணே. மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்."

எனக்கு அங்கேயே காரணம் புரிந்துவிட்டது. எத்தனையோ வருடமாக அந்தத் தரையிலிருந்து புல் மட்டும் வெளியே போயிருக்கிறது. திரும்பி எதுவும் உள்ளே வரவில்லை. மாட்டு வயிற்றுக்குள் போனது சாணியாகி, வறட்டியாகி, சலவைக்காரர்களின் அடுப்பில் எரிந்து போயிருக்கிறது.

ஆகவே அவளிடம் இரண்டு விஷயம் கேட்டேன். கொஞ்ச காலம் புல் அறுக்க வேண்டாம், சாணியை வறட்டி தட்டாமல் எனக்குக் கொடு. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புல்லையும் குடுக்க மாட்டீங்க, சாணியும் வேணுமா? அப்ப மாடு என்னாத்த திங்கும், ஒங்க கடப்பாரையையா?"

"இப்ப வுடலேன்னா சிமிட்டி போட்டுருவாங்கம்மா. அப்பறம் எப்பவுமே புல்லு இல்ல."

அவள் ஒரு மாட்டின் முதுகைத் தட்டினாள். பிறகு எரிச்சலோடு சொன்னாள். "கூடை கூடையா சாணி சொமக்க எனக்கு முடியாதுலா. வேணும்னா மாட்டையே ஓட்டிட்டுப் போயி ஒங்க தொரை வூட்டு வாசல்ல கிடை போட்டுக்குங்க."

நக்கலாகத்தான் சொன்னாள். ஊரில் அறுவடை முடிந்த வயலில் மாட்டு மந்தையை ராத்தங்க விடுவார்களே, அந்தக் கிடையைச் சொன்னாள். வயலுக்குச் சாணியும் மூத்திரமும் அப்படியே இறங்கும். அவள் சொல்லி வாய் மூடுமுன் நான் மனசுக்குள் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டேன்.

மறுநாள் செயலாளர் துரையிடம் போய் நின்றேன். மன்றத்துப் புல்தரையில் மாடு கட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அவர் முதலில் என் மலாய் சரியில்லை என்று நினைத்தார். இன்னொரு தடவை சொன்னதும் நாற்காலியில் சாய்ந்து உரக்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை.

"மண்ணில் சத்து இல்லை என்கிறாய். இருந்த சத்து எங்கே போனது?"

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உண்மையைச் சொன்னால் அஞ்சலையின் பெயர் வரும். அந்தப் பெண்தான் என் தரையைத் தின்றுவிட்டாள் என்று அவர் அன்றைக்கே அவளை வாசலிலேயே தடுத்துவிடலாம். வெயில், பூச்சி, கடல் காற்று என்று ஏதாவது சொல்லி மழுப்பினால் அவள் பெயர் வராது, ஆனால் மாடு கட்டுவதற்குக் காரணமும் இருக்காது. சிமெண்டு வந்துவிடும். யோசிக்க எனக்குக் கிடைத்த நேரம் அவர் சுருட்டைப் பற்றவைக்கும் நேரம்தான்.

நான் முழுவதையும் சொன்னேன். "புல்லை எடுத்துப் போனது அந்தப் பால்காரப் பெண், துவான். ஒரு துணுக்கு விடாமல் எடுக்கச் சொன்னது மன்றம். உருளை போட்டுத் தரையை இறுக்கினது நானும் என் ஆட்களும். எல்லாரும் எடுத்தோம், யாரும் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவளை நிறுத்தினால் சாணியும் நிற்கும்."

யாரிடமும் காரணம் சொல்ல நேர்ந்தால் பாதியைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அடுத்தவர் பங்கை மட்டும் சொன்னால் அது கோள், உங்கள் பங்கையும் சேர்த்துச் சொன்னால்தான் அது காரணம். அவர் மூளையுள்ள மனிதர், நான் சொன்னதை எடைபோட்டார். சுருட்டுச் சாம்பலைத் தட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். கூரை வேலை முடியும்வரை மாடு கட்டலாம். விழாவுக்குள் பச்சை வராவிட்டால் சிமெண்டு வரும், அந்தப் பெண்ணும் இந்த வாசலை மறுபடி மிதிக்கக்கூடாது, தோட்டத்து ஓரப் புல்லைக்கூடத் தொடக்கூடாது.

அவளைக் காப்பாற்றப் போனவன், அவளையே பணயம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செரி, எங்க கட்டணும்னு காட்டுங்க. கொழுந்தன் மாட்டையும் சேத்து ஓட்டியாறேன். செய்யிறதுன்னு ஆச்சு, அரைகொறையா எதுக்கு?"

தரையை இரண்டாகப் பிரித்தோம். தாழ்வாரத்தை ஒட்டிய பாதி மொத்தமும் செத்திருந்தது. கடலை ஒட்டிய பாதியில் அங்கங்கே அருகம்புல் உயிரோடு இருந்தது. செத்த பாதியைக் கொத்திக் கிளறி அங்கே கிடை போட்டோம். அஞ்சலை சாயங்காலம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டி, விடிந்ததும் அங்கேயே பால் கறந்துகொண்டு ஓட்டிப் போவாள். நாங்கள் முளையைப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடிப்போம், சாணி விழுந்த இடத்தை மண்ணோடு புரட்டுவோம், மரத்தடிச் சருகை அள்ளிச் சேர்ப்போம். காவலுக்கு இருந்த ஜாகா மட்டும் மூக்கைத் தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு எங்களைத் திட்டுவார். காலையில் ஒரு செம்பு பால் கொடுத்ததும் திட்டு நின்றது.

இதற்கிடையில் அஞ்சலையின் நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. கடல் பக்கத்துப் பாதியிலும் அறுக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். சாலையோரப் புல், சந்தையில் கழித்துப் போட்ட கீரைத்தண்டு, வாழைமட்டை என்று கிடைத்ததைப் போட்டாள். பால் குறைந்துவிட்டது, வறட்டி விற்ற காசும் இல்லை. அவளிடம் செவலை என்று ஒரு கிடாரி இருந்தது. அடுத்த வருடம் கன்று போடும், அதன் பாலில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் காலையில் மாடுகளை அவிழ்க்கும்போது செவலையைக் காணோம். கேட்டதற்கு, அக்கரையில் தாசேக் கெலுகோரிலிருந்து வந்த ஒருவனுக்கு விற்றுவிட்டதாகச் சொன்னாள்.

"படகுல ஏத்தும்போது கொஞ்சம் மொரண்டு புடிச்சிச்சு. அப்பறம் ஏறிக்கிச்சு" என்றாள். மிச்ச மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து இன்னொரு இடி விழுந்தது. என் ஆட்களில் மூத்தவன் சடையன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். கிடை பற்றி எங்களில் அதிகம் அறிந்தவன் அவன்தான். கொத்திப்போட்ட வெட்டவெளியில் மாடுகள் பனியில் கிடக்கின்றனவே என்று இரக்கப்பட்டு, கடல் பக்கத்து அங்சானா மரங்களுக்குக் கீழே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறான், அதுவும் வரிசையாகச் சில நாட்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். எழுந்து வந்து பார்த்தபோது, உயிரோடிருந்த அருகம்புல்லில் பாய் விரித்த அளவுக்கு வட்டம் வட்டமாகக் கருகிக் கிடந்தது.

சடையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஊர்ல இப்படி ஆனதே இல்லண்ணே!"

எப்படி ஆகும்? ஊரில் கிடை போடுவது அறுத்து முடித்த வயலில். அங்கே பொசுங்குவதற்கு எதுவும் இருப்பதில்லை. பச்சை மூத்திரம் உயிருள்ள வேரில் நேராக இறங்கினால் வெந்துவிடும் என்று யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு அதுவரை வந்ததில்லை. நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன பயன், நடுவதற்கு நாங்கள் நம்பியிருந்த புல்லே அதுதான்.

அன்று மத்தியானம் செயலாளர் துரை கூரையைப் பார்க்க வந்தார். கூடவே கூரைக்காரனும் அளவு நாடாவோடு வந்தான். ஒரு பாதி கறுப்பாக உழுத வயல் மாதிரி, மறுபாதி கருகின வட்டங்கள். துரை முகம் சிவந்துவிட்டது. மாடுகளை அன்றைக்கே வெளியேற்றச் சொன்னார். கூரைக்காரன் நாடாவின் ஒரு நுனியைச் சடையனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். அந்தப் பாவியும் பயத்தில் பிடித்துக்கொண்டான்.

"விழா புரட்டாசியில்தானே, துவான்? இன்னும் புரட்டாசி வரவில்லை" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது.

அவர் என்னை முறைத்தார். கோபத்தில் கைத்தடியைக் கறுப்பு மண்ணில் ஓங்கி ஊன்றினார். தடி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறி, தடியை உருவி எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கூரைக்காரனிடம் நாடாவைச் சுருட்டச் சொன்னார்.

"புரட்டாசிவரை. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை. ஆனால் மாடுகள் இன்றே போகவேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது என் முன்னால் இரண்டு வழி. கருகினது போக மீந்திருக்கும் புல்லை அதன் இடத்திலேயே விட்டுத் தேற்றுவது ஒன்று. அது பத்திரமான வழி மாதிரி தெரியும், ஆட்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அது இறுகிப்போன மண், அங்கே அந்தப் புல் சாகாமல் இருக்குமே தவிர வளராது. இன்னொரு வழி, மீந்திருக்கும் கொடி அத்தனையையும் பிடுங்கிக் கறுப்பு மண்ணில் நட்டுவிடுவது. மழை தவறினால் இரண்டு பாதியும் போச்சு, கையில் ஒரு கொடி மிஞ்சாது. நான் அஞ்சலையைப் பார்த்தேன், இது அவளுடைய புல் அல்லவா? அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஏற்கனவே குனிந்து ஒரு கொடியை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள்.

"நல்ல மண்ணு அங்க இருக்கிறப்ப இதுங்க ஏண்ணே இங்க கெடந்து சாவணும்? புடுங்குங்க."

பிடுங்கினோம். முழுவதையும் பிடுங்கினோம். சின்னச் சின்னத் துண்டாக்கி, விரல் விட்டு நட்டோம். ஈரம் காயாமல் தண்ணீர் தூக்கினோம். அஞ்சலையும் அவள் பிள்ளைகளும் பால் ஊற்றிவிட்டு நேரே வந்து தகர டின்களில் தண்ணீர் சுமந்தார்கள். சடையன் வீட்டுக்கே போகவில்லை, எங்களை நிமிர்ந்து பார்க்காமல் நட்டுக்கொண்டே இருந்தான். சித்திரை மழை தாமதமானது. தினமும் கடல் பக்கம் கறுக்கும், காற்றடிக்கும், கலைந்துவிடும். எங்களுக்கு வானத்தைத் திட்டித் திட்டி அலுத்துவிட்டது. ஆனாலும் ஒருவர்கூடத் தகரத்தைக் கீழே வைக்கவில்லை. மழை வந்தபோது ஒரே ஊற்றாக ஊற்றியது. தண்ணீர் தாழ்வாரப் படிக்கு ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே இறங்கியது. நான் அந்த மழையில் நனைந்துகொண்டே நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரிந்த வேலை, அதை எழுதிப் பக்கத்தை நிரப்பப் போவதில்லை. கறுப்பு மண்ணில் கொடி பின்னிப் படர்ந்தது. கடல் பக்கத்துப் பாதியையும் கொத்தி, இந்தத் தடவை கொட்டகையில் மக்க வைத்த சாணியைப் போட்டு, படர்ந்த கொடியை அங்கே எடுத்து நட்டோம். இரும்பு உருளையை மன்றத்துச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டினேன். ஆவணி முடியும் முன்பே தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் கடல்வரை பச்சை. செயலாளர் துரை வந்து பார்த்தார். கைத்தடியால் ஒரு தடவை குத்திப் பார்த்தார். "அந்தப் பெண் வழக்கம்போல அறுக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒரு கவலை பாக்கி இருந்தது. வழக்கம்போல மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனால், சில வருடத்தில் தரை பழையபடி ஆகிவிடும். கொஞ்சத்தைத் தரையிலேயே விடச் சொல்லவேண்டும், துரையிடமும் பேசவேண்டும். துரையிடம் பேசிவிடலாம். மாதக்கணக்கில் தீனிக்கு அலைந்தவளிடம், கிடாரியை விற்றவளிடம், உன் புல்லில் கொஞ்சம் விட்டுவிட்டுப் போ என்று எந்த முகத்தோடு கேட்பது? விழாவுக்கு முன் முதல் அறுப்புக்கு அவள் வந்த அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் அரிவாளைத் தீட்டிக்கொண்டு இறங்கினாள். முன்பு போல ஒட்ட அறுக்காமல், அடியில் நாலு விரல் விட்டு அறுத்தாள். நல்ல கனமான கட்டுகளாகக் கட்டி வரிசையாக வைத்தாள். பிறகு கடைசிக் கட்டை அவிழ்த்தாள். அரிவாளால் பொடிப் பொடியாக நறுக்கி, கோழிக்குத் தீனி இறைப்பது போல் தரை முழுவதும் இறைத்தாள். வெளியே தெரியாதபடி காலால் தேய்த்துப் புல்லுக்குள் இறக்கிவிட்டாள்.

"என்னாம்மா இது, அந்தக் கட்டு மாட்டுக்கு வேணாமா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னாள்.

"இருக்கிறதுங்களுக்கு அது போதும்ணே. இது செவலையோட பங்கு."

மிச்சக் கட்டுகளைத் தலையில் ஏற்றிவிட நான் கை கொடுத்தேன். அவள் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே மண்டோராக இருந்தவரை, ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு கட்டு அந்தத் தரையிலேயே விழுந்தது. நான் ஒரு தடவையும் கேட்டதில்லை.